பின்சீட்டில் யாரும் இல்லை

ஜூன் 2, திங்கள்

காலையில் வந்த முதல் ஆள், "பார்த்தா புலி மாதிரி இருக்கணும்" என்றார். அவருடைய காருக்கு எந்தச் சக்கரம் போட்டாலும் பூனைதான். சொல்லவில்லை. அளவு நாடாவை எடுத்துக்கொண்டு போய், டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்த்தேன். உள்பக்கம் ஸ்பிரிங்குக்கு எவ்வளவு என்று பார்த்தேன். கணக்குப் போட்டு ரஷீத் அண்ணனிடம் மெதுவாகச் சொன்னேன். அவர் அதையே சத்தமாக அந்த ஆளிடம் சொன்னார். எங்கள் கடையில் இப்படித்தான் நடக்கிறது. ரஷீத் அண்ணன் பத்து வருஷமாக இங்கே சக்கரம் மாட்டுகிறார். நான் பில் போட வந்தவள். பி.எஸ்சி. கணிதம் என்று தெரிந்ததும் அளவு பார்க்கும் வேலையும் என்னிடம் வந்துவிட்டது.

வண்டி கம்பெனியிலிருந்து வந்த அளவைவிடப் பெரிய ரிம் போட்டால் நாங்கள் ஆள் ஏற்றிப் பார்ப்போம். கடையில் இருக்கிற எல்லோரும் காரில் ஏறிக்கொள்வார்கள், பக்கத்துப் பேக்கரி மாஸ்டர் உட்பட. அவர்தான் கனம். ஸ்டியரிங்கைக் கடைசிவரை ஒடித்துக்கொண்டு வேகத்தடையின் மேல் மெதுவாக ஏற்றி இறக்குவார்கள். நான் மட்டும் ஏறுவதில்லை. பின்சக்கரத்துக்குப் பக்கத்திலேயே காதைக் கொடுத்துக்கொண்டு நடப்பேன். எங்கேயாவது உரசினால் எனக்குக் கேட்டுவிடும்.

"பாப்பா காதுக்குத் தப்பி ஒரு வண்டி கோபி ஊரைத் தாண்டாது" என்று ரஷீத் அண்ணன் எல்லோரிடமும் சொல்கிறார். வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் சொல்லட்டும் என்றும் இருக்கிறது.

ஜூன் 5, வியாழன்

ஞாயிற்றுக்கிழமை என்னைப் பார்க்க வருகிறார்களாம். பெயர் கிருபாகரன். ஈரோட்டில் பை அச்சடிக்கும் கம்பெனி வைத்திருக்கிறாராம். அம்மாவும் தரகரும் சேர்ந்து எல்லாம் பேசி முடித்துவிட்டார்கள். நான் கேட்பதற்கு ஒன்றும் மிச்சம் இல்லை.

"அவங்க முன்னால வாய வெச்சுட்டுச் சும்மா இரு கண்ணு. கேட்டா மட்டும் சொல்லு" என்றாள் அம்மா.

இதை எனக்குச் சொல்லவே வேண்டியதில்லை. அம்மாவுக்கு அது தெரியும். பிறகு ஏன் மூன்று தடவை சொன்னாள் என்று தெரியவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

அவரும் அவருடைய அம்மாவும் மட்டும் வந்தார்கள். எங்கள் வீட்டு முன்னறையில் ஐந்து பேர் உட்கார்ந்தாலே நெருக்கம். அப்பா நின்றுகொண்டே இருந்தார். பட்டுநூல் எடுக்கும் பட்டறையில் நின்று நின்று அவருக்கு உட்காருவதே மறந்துவிட்டது என்று அம்மா அடிக்கடி சொல்வாள். இன்று அவர்களிடமும் சொன்னாள்.

அவர் என்னிடம் ஒன்றுதான் கேட்டார். "சக்கர அளவெல்லாம் நீங்கதான் பார்ப்பீங்களாமே. என்ற வண்டிக்கு என்ன போடலாம்?"

இதுவரை யாரும் என் வேலையைப் பற்றிக் கேட்டதில்லை. "வண்டியப் பார்க்கணுங்க" என்றேன். அவர் சிரித்தார். நானும் சிரித்திருப்பேன் போல. அம்மா என்னைத் தொட்டாள்.

போகும்போது வாசலில் நின்று என்னை ஒரு மாதிரி பார்த்தார். என்னிடம் ஏதோ சொல்ல நினைத்து, சொல்லக்கூடாது என்று ஞாபகம் வந்தவர் போல. கூச்சமாக இருக்கும். எனக்குக் கூச்சக்காரர்களைப் பிடிக்கும்.

ஜூன் 9, திங்கள்

அவர்களுக்குச் சம்மதமாம். அம்மா என் வாயில் சர்க்கரை போட்டாள். எனக்குச் சம்மதமா என்று அப்பா கேட்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்.

ஜூன் 14, சனி

கிருபாகரன் கடைக்குக் காரைக் கொண்டுவந்தார். முதலாளி உட்பட எல்லோரும் வெளியே வந்து நின்றுகொண்டார்கள். பேக்கரி மாஸ்டர் பப்ஸ் தட்டோடு வந்து, "மாப்ளைக்கு இன்னைக்கு அளவெடுக்கறாங்களா, காருக்கு அளவெடுக்கறாங்களா?" என்றார். நான் நாடாவோடு சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்துகொண்டேன்.

வெள்ளை செடான். பதினைந்து இஞ்ச் ரிம்மில் 185 அகல டயர். நன்றாக வைத்திருக்கிறார். அவருக்குப் பதினேழு இஞ்ச் வேண்டுமாம். நான் இரண்டு அளவு சொன்னேன். ரஷீத் அண்ணன் வழியாக இல்லை, நானே சொன்னேன்.

ஒன்று, பதினாறு இஞ்ச் ரிம், 195 டயர். சக்கரத்தின் மொத்த உயரம் பழைய டயரின் உயரமேதான். வேகம் காட்டும் முள்ளும் பொய் சொல்லாது, குடும்பத்தோடு எங்கே போனாலும் உரசாது. இன்னொன்று, பதினேழு இஞ்ச், 205 டயர். உயரத்தில் பெரிய வித்தியாசம் வராது. ஆனால் ரிம் அகலம் என்பதால் சக்கரம் ஒரு விரல் அளவுக்கு வெளியே தள்ளி நிற்கும். பார்க்க அழகு. பின்சீட்டில் ஆள் ஏறி, பின்பக்கம் அமுங்கினால், டயரின் ஓரம், நாங்கள் தோள் என்போம், மட்கார்டு விளிம்பில் பிடிக்கும்.

"பின்சீட்டுல எத்தனை பேர் வருவாங்க?" என்று கேட்டேன். எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு, "யாரும் இல்லீங்க. நான் மட்டுந்தான். நீங்க சொன்ன மாதிரித்தான்" என்றார்.

நான் எதுவும் சொல்லியிருக்கவில்லை. அளவைப் பற்றித்தான் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

"எந்த ரோட்டுலங்க அதிகம் ஓடும்?"

"ஈரோடு டவுனுக்குள்ளதான்."

அப்படியானால் பதினேழே போடலாம் என்றேன். சுமை தாங்கும் எண் குறையாத டயராகத் தேடி எடுத்தேன். ரிம்மின் நடு ஓட்டை காரின் அச்சைவிடப் பெரியது, அதனால் நடுவில் வளையம் போடச் சொன்னேன். இல்லாவிட்டால் வேகம் போகும்போது ஸ்டியரிங் நடுங்கும். நட்டுக்குத் திருட்டுப் பயம் இல்லாமல் இருக்கத் தனிச் சாவி. "இதை வண்டியிலேயே வெச்சுக்கங்க, வீட்டுல வெச்சுராதீங்க" என்றேன். என் வாழ்க்கையில் ஒரு ஆணிடம் நான் இவ்வளவு நீளமாகப் பேசியதில்லை.

மாட்டி முடித்ததும் ரஷீத் அண்ணன், "ஆள் ஏத்திப் பார்த்துரலாமா பாப்பா?" என்றார். மாஸ்டர் ஏற்கெனவே கதவில் கை வைத்துவிட்டார். இவ்வளவு பேரும் அவருடைய காரில் ஏறிக்கொண்டு, நான் பக்கத்தில் காதைக் கொடுத்துக்கொண்டு நடந்து... அவர் பார்த்துக்கொண்டு நிற்க...

"வேண்டாங்ணா. அவர் மட்டுந்தான் ஓட்டறாரு" என்றேன்.

ரஷீத் அண்ணன் மறுபடி கேட்கவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

வண்டி அழகாக இருக்கிறது என்று அவர் செய்தி அனுப்பியிருந்தார். அதை இன்று எத்தனை தடவை பார்த்தேன் என்று எழுதப்போவதில்லை.

ஜூன் 27, வெள்ளி

நிச்சயம் முடிந்தது. எங்கள் வீட்டிலேயே. அவர்கள் பக்கம் ஏழெட்டுப் பேர்தான். ஒரே மகன், இவ்வளவு குறைவான சொந்தமா என்று நினைத்தேன். "ஆடம்பரம் புடிக்காதவங்க" என்றாள் அம்மா, நான் கேட்பதற்கு முன்பே.

கல்யாணம் ஆவணியில். கத்திரிப்பூ நிறத்தில் பட்டு வைத்தார்கள். அவருடைய சித்தப்பா மருமகள் எனக்குப் பூ வைத்துவிட்டாள். வைத்துக்கொண்டே, "படிச்ச புள்ளைங்க எல்லாத்துலயும் தெளிவாத்தான் இருக்கீங்க. நாங்கெல்லாம் இப்படி வாயத் தொறந்து பேச மாட்டோம்" என்றாள். என்னை யாரும் இப்படிச் சொன்னதில்லை. வாயே திறக்காதவள் என்றுதான் சொல்வார்கள். பாராட்டு என்று எடுத்துக்கொண்டு, "தேங்க்ஸ்ங்க்கா" என்றேன். அவள் முகம் ஏனோ சுண்டிவிட்டது.

அம்மா அவளைப் பந்திக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டாள். அப்புறம் அவர்கள் கிளம்பும்வரை அம்மா என்னைவிட்டு நகரவே இல்லை. அம்மாவுக்கு என்மேல் இவ்வளவு பாசமா என்று நினைத்துக்கொண்டேன்.

ஜூலை 5, சனி

அவர் திடீரென்று கடைக்கு வந்தார். பின்னால் ஏதோ சத்தம் கேட்கிறதாம்.

நான் குனிந்து பார்த்தேன். முன்சக்கரங்கள் இரண்டும் சுத்தமாக இருந்தன, ஒரு கீறல் இல்லை. பின்சக்கரங்களில் டயரின் வெளித்தோள் சுற்றிலும் தேய்ந்து மினுமினுத்தது. மட்கார்டு விளிம்பின் உள்பக்கம் பெயிண்ட் போய்த் தகரம் தெரிந்தது. வலது பக்கத்தைவிட இடது பக்கம் அதிகம். தகரத்தில் கொஞ்சம் துருப் பிடித்த கோடு, அதன்மேலேயே பளபளவென்று புதுக்கோடு. டயரின் விளிம்பில் இருக்கிற ரப்பர் கட்டைகள் வளைவில் வளைந்து திரும்பித் தேய்ந்த மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தன. ஈரோட்டு டவுனுக்குள் அப்படி வளைவு எங்கேயும் இல்லை.

"பின்னால யாராச்சும் ஏறினாங்களாங்க?"

"ஆபீஸ் பசங்க... ஒரே ஒரு தடவ. ரெண்டு மூணு பேரு."

"மலைப் பக்கம் போனீங்களா?"

அவர் மறுபடி என்னை அந்த மாதிரி பார்த்தார். சோதிக்கிறேனா என்று பார்க்கிற மாதிரி. "இல்லீங்க வாணி. நான் அந்தப் பேச்சே எடுக்கலீங்களே" என்றார்.

எந்தப் பேச்சு என்று எனக்குப் புரியவில்லை. பக்கத்தில் ரஷீத் அண்ணன் நின்றதால் கேட்கவில்லை.

பதினாறு இஞ்சுக்கு மாற்றிவிடலாம், விளிம்பு டயரை அறுத்துவிடும் என்று சொன்னேன். அடுத்த வாரம் வருவதாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். போனபிறகு ரஷீத் அண்ணன் வண்டி நின்ற இடத்தைத் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டே, "ஒரு தடவ போனா ரெண்டு கோடு விழுகாது பாப்பா" என்றார்.

ஒரு தடவை என்று அவர் சொன்னால் ஒரு தடவைதான். துரு ஈரத்தில் ஒரே நாளில்கூடப் பிடிக்கும்.

ஜூலை 6, ஞாயிறு

சாப்பிடும்போது அம்மாவிடம் சும்மா சொன்னேன், அவருடைய வண்டியில் பின்னால் யாரோ அடிக்கடி உட்காருகிறார்கள், கனமானவர் இடது பக்கம் என்று. அம்மா என் தட்டில் ஏற்கெனவே இருந்த ரசத்தின்மேல் மோரை ஊற்றிவிட்டாள்.

"சக்கரத்தப் பார்த்தமா, சக்கரத்தோட நிறுத்தினமான்னு இரு. கட்டிக்கப் போறவனத் தோண்டித் துருவாத."

அப்பா தலையைத் தூக்கி அம்மாவைப் பார்த்தார். அம்மா பார்வையைத் திருப்பிக்கொண்டாள். மோர் ரசத்தைச் சாப்பிட்டேன்.

ஜூலை 10, வியாழன்

வாரம் முடியப்போகிறது. அவர் வரவில்லை. நானே போன் செய்தேன். "டயர் தாங்காதுங்க, யார் உட்கார்ந்தாலும் ஆபத்து" என்றேன். "பின்சீட்டுல யாரும் இல்லீங்க" என்றார். அந்தக் குரலில் எரிச்சல் இல்லை. மனப்பாடம் செய்ததை ஒப்பிக்கிற குழந்தை மாதிரி இருந்தது.

திங்கள்கிழமை கட்டாயம் வருகிறாராம்.

ஜூலை 13, ஞாயிறு

இதை வேனில் உட்கார்ந்துகொண்டு எழுத ஆரம்பித்தேன். எழுத்து கோணலாக இருக்கிறது. மீதியைக் கடையில் வந்து எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்வரைதான் கடை. கிளம்புகிற நேரத்தில் போன் வந்தது. வயதான ஒருவர். பண்ணாரி செக்போஸ்டுக்குப் பக்கத்தில் வண்டி நிற்கிறது, திம்பம் மலை இறங்கி வரும்போது பின்சக்கரம் கிழிந்துபோச்சு என்றார். "கண்ணாடில உங்க கடை நம்பரு ஒட்டியிருந்துச்சுங்க சாமி. நட்டக் கழட்டற சாவி வூட்டுல இருக்குதாம். மாப்ள பைக்கு ஒண்ணப் புடிச்சு ஆளத் தேடிச் சத்தி டவுனுக்குப் போயிருக்காரு. நேரமாச்சு, புள்ள வேற கூட இருக்குது" என்றார். கார் நம்பரைக் கேட்டேன். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். எழுதியதைத் திரும்பப் படிக்கவில்லை.

ரஷீத் அண்ணன் படித்தார். "நான் மட்டும் போயிட்டு வந்தர்றேன் பாப்பா" என்றார்.

"நானும் வர்றேங்ணா."

அவர் ஜாக்கியையும் அந்த நட்டுக்கான மாற்றுச் சாவியையும் எடுத்து வேனில் போட்டார்.

புளியமரத்தடியில் அந்த வெள்ளைக் கார் பின்பக்கம் இடதுபுறமாகச் சரிந்து நின்றது. தாட்டியான ஒரு அம்மா பூக்கூடையை மடியில் வைத்துக்கொண்டு கல்லில் உட்கார்ந்திருந்தார். போன் செய்த பெரியவர் கும்பிட்டார். குரங்குகளுக்குப் பயந்து ஒரு சிறுமி பெரியவரின் வேட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஏழு வயது இருக்கும். புருவம் அப்படியே கிருபாகரனுடையது.

"உங்க மாப்பிள்ளைங்களா வண்டிக்காரரு?" என்று ரஷீத் அண்ணன் கேட்டார்.

"ஆமாங். என்ற மக போய்ச் சேர்ந்து மூணு வருசமாச்சு. ஆனாலும் மாப்ள மாப்ளதானுங்களே. ஞாயித்துக்கிழமையானா மலை மேல தாளவாடிக்கு வந்து, எங்க மூணு பேரையும் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போயிட்டு வருவாரு."

ரஷீத் அண்ணன் ஜாக்கியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் சக்கரத்தைப் பார்த்தேன். விளிம்பு டயரை ஒரு முழத்துக்கு அறுத்திருந்தது. வளைவிலேயே வெடித்திருந்தால் என்று நினைத்துக்கொண்டே, ரோட்டோரப் பாலத்துக் கட்டையில் உட்கார்ந்துவிட்டேன்.

சிறுமி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நீங்களுமாக்கா டயர் மாத்துவீங்க?"

"இல்ல. எந்த அளவு சேரும்னு சொல்லுவேன்."

"எங்கப்பா கட்டிக்கப் போற அக்காவும் டயர் கடைலதான் இருக்குது. அதும் பேரு வாணி."

நான் அவள் புருவத்தைப் பார்த்தேன்.

"அதுக்கு என்னயப் புடிக்காது."

"யார் சொன்னா?"

"அதேதான் சொல்லுச்சாம். புள்ள வூட்டுல இருந்தா வர மாட்டேன்னு. என்ற பேச்சையே எடுக்கக் கூடாதுன்னும் சொல்லுச்சாம். தாத்தா ஆயாவுக்கு வயசாயிருச்சுன்னு அப்பா என்னய ஈரோட்டுக்குக் கூட்டிட்டுப் போறதா இருந்துச்சு, இப்ப ஊட்டி ஹாஸ்டல்ல போடப் போறாங்க. ஆயா ராத்திரியெல்லாம் அழுகுது. அங்க குளுருமாக்கா?"

"தாரிகா! இங்க வா. யாருகிட்ட என்ன பேசறதுன்னு இல்ல?" என்று அந்த அம்மா அதட்டினார்.

நான் பேசாமல் இருந்திருக்கலாம். எனக்கு அதுதான் பழக்கம். வேனில் ஏறி உட்கார்ந்திருந்தால் அந்தக் குழந்தைக்கு நான் டயர் கடை அக்கா, அவ்வளவுதான். ஆனால் அவள் எழுந்து போகும்போது, சட்டென்று அவள் கையைப் பிடித்துவிட்டேன்.

"அந்த வாணி நான்தான் கண்ணு. நான் அப்படிச் சொல்லல. நீ இருக்கறதே எனக்கு இப்பத்தான் தெரியும்."

அவள் கையை இழுத்துக்கொண்டாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு ஓடிப்போய் ஆயாவின் முந்தானைக்குள் புகுந்துகொண்டாள். பூக்கூடை உருண்டுவிட்டது, பெரியவர் ஒவ்வொரு பூவாகப் பொறுக்கினார். நிமிர்ந்து என்னைப் பார்க்க அவரால் முடியவில்லை.

கிருபாகரன் ஒரு பைக்கின் பின்னால் உட்கார்ந்து வந்தார். என்னைப் பார்த்ததும், வண்டி நிற்பதற்கு முன்பே இறங்கித் தடுமாறினார்.

"வாணி, கோவிச்சுக்காதீங்க. நீங்க பார்க்கற மாதிரி ஆகக் கூடாதுன்னுதான் உங்க கடைக்குப் போன் பண்ணாம..."

"எனக்கு எதுவும் தெரியாதுங்க."

"என்ன தெரியாது?"

"முதல் கல்யாணம். குழந்தை. எதுவுமே."

அவர் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "உங்கம்மாகிட்ட மொத நாளே எல்லாஞ் சொல்லிட்டேங்க. உங்களுக்குச் சம்மதம்னாங்க. புள்ள மட்டும் கூட இருக்கக் கூடாது, அதப் பத்தி உங்க முன்னால பேசவே கூடாதுன்னு நீங்க கண்டிசனாச் சொல்லிட்டீங்கன்னாங்க. அதனாலதான் பின்சீட்டு... நீங்க கேக்கறப்பெல்லாம்..."

அதற்கு மேல் அவர் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. வேகத்தடையில் காற்று மாதிரி உரசினாலும் கேட்கிற காது. என் வீட்டில் என் பெயரால் பேசியதைக் கேட்கவில்லை.

ரஷீத் அண்ணன் அந்த மாற்றுச் சாவியால் நட்டைக் கழற்றி, ஸ்டெப்னியை மாட்டிவிட்டு, "வளைவுல மெதுவாப் போங்க" என்று மட்டும் அவரிடம் சொன்னார். கார் கிளம்பியபோது, அந்தச் சிறுமி பின்கண்ணாடி வழியாகத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்ப்பாள் என்று நின்றுகொண்டிருந்தேன்.

ஜூலை 14, திங்கள்

நேற்றுச் சாயந்தரம் நடந்ததை இப்போதுதான் எழுத முடிகிறது.

நான் வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "தாளவாடில ஒரு புள்ள இருக்குதாம்மா" என்றேன்.

அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறம் நிற்கவில்லை. "தெரிஞ்சுருச்சா?" என்றாள். அவ்வளவுதான். அவள் முகத்தில் ஒரு நிம்மதிகூட இருந்தது.

"ஏம்மா சொல்லல?"

"சொன்னா வேண்டாம்பே. நீ வேண்டாம்னுட்டு இன்னும் எத்தன வருசம் அந்தக் கடைல டயருக்குப் பக்கத்துல குனிஞ்சு நிப்பே? சொந்த வூடு, நல்ல பையன், குடிக்கமாட்டான், ஒத்த நகை கேக்கல. செத்தவ எந்திரிச்சு வந்து உன்ற கூடச் சண்டையா போடப் போறா?"

"புள்ளைய அனுப்பச் சொன்னது?"

"அதும் உனக்காகத்தான். போன எடத்துல மொத நாள்லருந்து ஊரான் புள்ளைக்குச் சோறு ஊட்டிட்டுக் கெடப்பியா? இதுக்கா உன்னக் காலேஜுக்கு அனுப்பினேன்? கேக்க உனக்கு வாயில்ல. நான் கேட்டேன்."

"என்ற பேர்லம்மா. நான் சொன்னதா."

"பின்ன யாரு பேர்ல கேக்கறது? நீதான கட்டிக்கப் போறவ?"

அம்மா பொய் சொன்னதாகவே நினைக்கவில்லை. எனக்குப் பாவாடை தைக்கக் கொடுத்த மாதிரி, என்னிடம் கேட்காமல் எனக்கு ஒரு மனசையும் தைத்துக் கொடுத்திருக்கிறாள். அதைப் போட்டுக்கொண்டு நான் நிச்சயத்தில் உட்கார்ந்திருக்கிறேன். அந்த வீட்டு ஆட்கள் எல்லோரும் அதைப் பார்த்திருக்கிறார்கள். அதற்குத்தான் நான் தேங்க்ஸ் சொல்லியிருக்கிறேன்.

"உங்களுக்குந் தெரியுங்களாப்பா?" என்றேன்.

அப்பா சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். "மொதக் கல்யாணம் தெரியும் அம்மணி. புள்ள கத எனக்குத் தெரியாது. நீ ஒத்துக்கிட்டேன்னு உங்கம்மா சொல்லுச்சு."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாங்களேப்பா."

"கேட்டிருக்கலாம்" என்றார்.

அப்பா சொன்னதை நம்பலாம் என்று நினைக்கிறேன். ஆனால் நினைத்துப் பார்த்துத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. போன வாரம்வரை அப்படி இல்லை.

ஜூலை 15, செவ்வாய்

கத்திரிப்பூப் பட்டை மடித்து அட்டைப்பெட்டியில் வைத்தேன். அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். தடுக்கவில்லை. நான் திறப்பேன் என்று நினைக்கிறாள்.

ஜூலை 16, புதன்

அவர் கடைக்கு வந்தார். நான்கு சக்கரத்தையும் பதினாறு இஞ்சுக்கு மாற்றினோம். ஆள் ஏற்றிப் பார்த்தோம். மாஸ்டர் கேலி எதுவும் செய்யாமல் ஏறி உட்கார்ந்தார். நான் பக்கத்தில் நடந்தேன். உரசல் இல்லை.

பில் வாங்கும்போது அவர் மெதுவாகச் சொன்னார். "இப்பத்தான் எல்லாந் தெரிஞ்சுபோச்சுங்களே. தாரிகா நம்ம கூடவே இருக்கட்டும். ஹாஸ்டல் வேண்டாம்னு சொல்லிட்டேன். நீங்க நல்லவங்கன்னு எனக்கு மொதல்லயே தோணுச்சுங்க. நடந்தத விட்டுரலாம்."

நல்ல மனிதர்தான். அதுதான் கஷ்டமாக இருந்தது. மூன்று வருஷமாக ஞாயிறானால் மலை ஏறியிருக்கிறார். இறந்துபோன மனைவியின் அப்பா அம்மாவைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போகிறார். சரி என்று சொல்லிவிடலாம் என்று ஒரு நிமிஷம் எனக்கும் ஆசை வந்தது. அம்மாவும் அழுதுவிட்டுச் சமாதானமாகிவிடுவாள்.

"நான் புள்ள வேண்டாம்னு சொன்னதாக் கேட்டப்ப உங்களுக்கு என்னங்க தோணுச்சு?"

"கஷ்டமாத்தான் இருந்துச்சு."

"என்கிட்ட ஏன் கேக்கல?"

"பேசக் கூடாதுன்னு சொல்லியிருந்தாங்களே..."

"நான் வேண்டாம்னேன்னு யாரோ சொன்னதும் ஹாஸ்டல் பார்த்தீங்க. இப்ப நான் வேணும்னா வெச்சுக்கறேங்கறீங்க. நாளைக்கு வேற யாராச்சும் என் பேரச் சொல்லி வேற ஏதாச்சும் சொன்னா? அந்தப் புள்ள எதை நம்பி அந்த வூட்டுல இருக்கும்? நான் எதை நம்பி வர்றது?"

என் குரல்தான் அது. ரஷீத் அண்ணன் உள்ளே ஏர் மிஷினை நிறுத்திவிட்டார். கடை முழுக்கக் கேட்டிருக்கும். முகம் எரிந்தது. ஆனாலும் கண்ணை எடுக்கவில்லை.

அட்டைப்பெட்டியை மேஜைக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். பின்கதவைத் திறந்து, அதைச் சீட்டின்மேல் வைத்தார். கொஞ்ச நேரம் அங்கேயே குனிந்து நின்றார். பிறகு போய்விட்டார்.

ஜூலை 18, வெள்ளி

ஆடி பிறந்துவிட்டது. இனி ஒரு மாசத்துக்குக் கல்யாணப் பேச்சை யாரும் எடுக்கமாட்டார்கள் என்று அம்மாவுக்கு வசதியாகப் போய்விட்டது. பக்கத்து வீட்டு அக்காவிடம், "மாப்ள வூட்டுல ஒரு துக்கம், தள்ளிப் போட்டிருக்குது" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் குடத்தை வைத்துவிட்டு வெளியே போய், "தள்ளிப் போடலைங்க்கா. நின்னுபோச்சு. நான்தான் நிறுத்தினேன்" என்றேன்.

அந்த அக்கா எதற்கோ வந்தவள் அதைச் சொல்லாமலே போய்விட்டாள். அம்மா அதற்குப் பிறகு என்னிடம் பேசவில்லை. தட்டு வைக்கிறாள், சோறு போடுகிறாள். பேசவில்லை.

அம்மாவின் முதுகைப் பார்க்கும்போதுகூட, அவள் இப்போது யாரிடம் எனக்காக என்ன சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்றுதான் தோன்றுகிறது. இரக்கப்பட முயற்சி செய்கிறேன். வரவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

கடையில் சுமாரான கூட்டம். ஒரு ஜீப்புக்கு அளவு சேரவில்லை என்று நானே அந்த ஆளிடம் சொன்னேன். அவர் என்னிடம் சண்டை போட்டார். நன்றாகத்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அம்மா எதிரில் உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அப்பா தூங்கிவிட்டார். அம்மா என்னைப் பார்க்காமலே கேட்டாள்.

"அந்தப் புள்ள பேரென்ன?"

முதலில் எனக்குப் புரியவில்லை. புரிந்ததும் பிசைந்த சோற்றைத் தட்டிலேயே வைத்தேன். எந்த ஊர் ஹாஸ்டல் என்பதுவரை பேசி முடித்திருக்கிறாள். பெயர் கேட்டதில்லை.

"தாரிகா" என்றேன்.

"தாரிகா" என்று அம்மா ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். இன்னும் இரண்டு காயை நறுக்கினாள். பிறகு, "எத்தனாவது படிக்குது?" என்றாள்.

நான் தட்டை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விட்டேன்.